கேட்காமலே கிடைத்த மன்னிப்பு

அன்புள்ள அக்கா,

இன்று காலையில் கராஜில் அடுப்பை வைத்துக் கறித்தூளுக்கு வறுத்தேன். செத்தல் மிளகாய் நிறம் மாறி, அதன்மேல் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் விழுந்தவுடன் எழும்புமே ஒரு வாசம், அது மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வரவில்லை, நீங்கள்தான் வந்தீர்கள். "கையை நிப்பாட்டாதை பிள்ளை, கருகினால் முழுத் தூளும் கைக்கும்" என்று எனக்குப் பின்னால் நின்று சொன்னது போலவே இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். எங்கள் காரும், இவர் எறியவே மாட்டேன் என்று வைத்திருக்கும் பழைய புல்வெட்டும் மெசினும்தான் நின்றன.

நீங்கள் ஆண்டவரிடம் போய் இந்த ஈஸ்டரோடு ஒரு வருஷம் ஆகிறது. நான் வாய்க்காரி என்பது மெல்பேர்னில் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். "ராணி வாயைத் திறந்தால், போதகர் ஆமென் சொல்லித்தான் மூடவேணும்" என்று நீங்களே பகிடி விடுவீர்கள். அப்படிப்பட்ட எனக்கு, போன சனிக்கிழமை உங்கள் மகள் சுகி வந்து போனதிலிருந்து, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் கதை விளங்காது. நடந்ததை முதலிலிருந்து வரிசையாய்ச் சொல்லிப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று மட்டும் உங்களுக்கு முழுதாய்த் தெரியாது.

உங்களை முதன்முதல் கண்டது எண்பதுகளின் கடைசியில், ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. இவர் ஸ்பொன்சர் பண்ணி எடுத்து, நான் வந்து இறங்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ்காரன் "குட் டே" என்றாலே நெஞ்சு படபடக்கும். வெள்ளைக்காரர் தங்கள் ஆராதனையை முடித்துப் போன பிறகு, பின்னேரத்தில் எங்களுக்கு இரவல் தரும் அந்தத் தேவாலயத்தில், கடைசி வாங்குப் பலகையில் ஒடுங்கிப்போய் இருந்தேன். முதல் பாட்டுத் தொடங்கியது. எங்கள் ஊர் மெட்டு. என்னை மறந்து, ஊரில் பாடுகிற மாதிரித் தொண்டையைத் திறந்துவிட்டேன். முன்வரிசையில் பாடகர் குழுவோடு நின்ற நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தீர்கள்.

"ஆர் பிள்ளை நீ? இந்தச் சத்தம் எங்கையிருந்து வருது?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"என்னத்துக்கு மன்னிப்பு? அடுத்த கிழமை முன்னுக்கு வந்து நில். எங்கடை குழு பாடுறது அவையளுக்கே கேக்கிறேல்லை."

அன்றைக்கே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு தந்தீர்கள். நீங்கள் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது, கையில் சுகியோடும் ஒரு பெட்டியோடும் ஓடி வந்தவர்கள். நான் வந்தபோது அவளுக்குப் பத்து வயது இருக்கும். இங்கிலீஷில் கேள்வி கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இருவருக்கும் பாதிதான் விளங்கும். ஆனாலும் என் மடியைவிட்டு இறங்க மாட்டாள்.

தூள் வறுப்பது உங்கள் வீட்டுக் கராஜில். குசினியில் வறுத்தால் நெருப்பு அலாரம் தெருவையே கூட்டிவிடும். ஒருமுறை, கராஜ் கதவால் புகை போவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கிழவர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாரே! நீங்கள் ஒழுங்கான இங்கிலீஷில் விளங்கப்படுத்தத் தொடங்குமுன் நான் குறுக்கே பாய்ந்து, "நோ ஃபயர்! கறி! கறி!" என்று கத்தினேன். அவர் தும்மினார், நாங்களும் தும்மினோம், மூன்று பேரும் கண்ணீர் வடியச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு முறையும் அவருக்கும் ஒரு போத்தல் தூள் போகும். அவர் அதை என்னத்துக்குப் போட்டாரோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

நீங்கள் வறுக்க, நான் அரிக்க, அந்தக் கராஜில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டோம். உங்கள் வீட்டுக்காரர் அண்ணையின் கோபம், இவருடைய சோம்பல், நாட்டில் விட்டுவந்த ஆட்கள், போதகருடைய நீண்ட பிரசங்கம் எல்லாம் அங்கேதான் வறுபட்டன. எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. அந்தக் குறையே தெரியாமல் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு சுகிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சிட்னிப் பெடியன், படித்தவன், தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். அவனுடைய தாய் எனக்கு ஊர்க்காரி. எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் என்றால் முதலில் டெலிபோன்தானே ஓடித் திரியும்? அவளும் எனக்கு எடுத்து, "பெட்டை எப்பிடி?" என்று விசாரித்தாள். "தங்கம். கண்ணை மூடிக்கொண்டு எடு" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள். நீங்கள் கலியாணத்துக்கு மண்டபம் தேடத் தொடங்கினீர்கள். அப்போதுதான் அந்தத் தாயிடமிருந்து உங்களுக்கு ஒரு போன். "எங்களுக்குச் சரிவராது."

"ஏன் எண்டாவது சொல்லுங்கோவன்" என்று நீங்கள் கெஞ்சியிருக்கிறீர்கள்.

"உங்கடை பக்கத்திலை இருந்து ஒரு கதை வந்தது" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

உங்கள் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் வாய்க்காரி. கூட்டிக் கழித்துப் பார்க்க உங்களுக்கு அதிக நேரம் பிடித்திருக்காது. யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அதில் உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, அக்கா. ஒரு போன், ஒரு சொல். "ராணி, நீ ஏதும் சொன்னனியோ?" அவ்வளவுதான். அதைக் கேட்பதற்குப் பதிலாக நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உபவாசம் இருந்தீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் உங்கள் வீட்டில். அண்ணைக்கு இருதய ஒப்பரேசன் நாள் குறித்திருந்ததால் வீடு நிறைய ஆட்கள். ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒருவருக்கு விசா கிடைத்த சாட்சி, இன்னொருவருக்கு முழங்கால் நோ விட்ட சாட்சி. பிறகு நீங்கள் எழுந்தீர்கள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்கடை பிள்ளையின்ரை காரியம் குழம்பினது உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குள்ளை பெரிய கசப்பு இருந்தது. சாப்பிடாமல், நித்திரை இல்லாமல் ஜெபிச்சன். ஆண்டவர் என்னோடை பேசினார். அந்தக் கதையைக் காவிக்கொண்டு போன ஆளை நான் முழுமனசோடை மன்னிக்கிறன்." கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தீர்கள். "ராணி, உன்னை நான் மன்னிச்சிட்டன்."

"அல்லேலூயா" என்றது ஒரு குரல். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நீங்கள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். எனக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. மன்னிப்பு வந்து சேர்ந்துவிட்டது, குற்றம் இன்னும் வந்து சேரவில்லை! உங்கள் தோளுக்கு மேலால் பார்த்தேன். குசினி வாசலில் சுகி நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

காரில் நான் அழுதுகொண்டு வந்தேன். இவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, பகிடிதான் தெரியும்.

"குற்றம் செய்யாமலே மன்னிப்பு வாங்கின ஆள் உலகத்திலை நீ ஒருத்திதானப்பா. இனிப் பயமில்லாமல் ஏதாவது செய். அதுக்குரிய மன்னிப்பு கையிலை இருக்கு."

"வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பாருங்கோ."

அடுத்த நாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்து நாலு கேள்வி கேட்பதென்று செருப்பைப் போட்டேன். கதவைத் திறந்தால் வாசலில் சுகி. உள்ளே வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழறி அழுதாள்.

"அன்ரி, நான்தான். நான்தான் அவருக்குப் போன் பண்ணினது."

"ஆருக்கு?"

"அந்த சிட்னி ஆளுக்கு. எனக்கு விருப்பமில்லை, ப்ளீஸ், நீங்களே வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ எண்டு கேட்டனான். அவர் நல்லவர் அன்ரி. என்ரை பேரை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. அவரின்ரை அம்மாதான் மானத்தைக் காப்பாத்த ஏதோ கதை வந்தது எண்டு சொல்லியிருக்கிறா."

"ஐயோ பிள்ளை, ஓடிப்போய் அம்மாட்டைச் சொல்லன்!"

"அப்பாக்கு புதன்கிழமை ஒப்பரேசன். வீட்டிலை சண்டை ஒண்டும் வரக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். ஒப்பரேசன் முடியட்டும். நானே சொல்லுறன். ப்ரொமிஸ் அன்ரி. அதுவரைக்கும் நீங்கள்..."

 நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

ஒப்பரேசன் நன்றாய் முடிந்தது. சுகி சொல்லவில்லை. சிட்னியில் வேலை கிடைத்துப் போனாள், சொல்லவில்லை. கிறிஸ்மஸ்ஸுக்கு வரும்போது சொல்லுகிறேன் என்பாள். கிறிஸ்மஸ் வரும், கேக் வெட்டுவோம், அவள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவுவாள். நான் அதட்டினால் அழுவாள். பிறந்த வீட்டில் பயம் என்று வந்துவிட்டால், வயது ஏற ஏற அது குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

மன்னிக்கப்பட்டவளாய் வாழ்வது லேசு இல்லை அக்கா. நீங்கள் என்னிடம் அவ்வளவு அன்பாய் இருந்தீர்கள்! சாப்பாட்டு மேசையில், "முதல் ராணிக்குக் குடுங்கோ" என்பீர்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கூட்டத்தில் என்னைத் தேடி வந்து கையைப் பிடிப்பீர்கள். பெண்கள் எல்லாம் உருகிப்போவார்கள். "அக்காவின்ரை மனசு ஒருத்தருக்கும் வராது." புதிதாய் வந்த ஒருத்தி என்னைப் பார்த்தவுடன் பக்கத்தில் இருந்தவளின் காதில், "இவவோ அவ?" என்று கேட்டதை நானே கேட்டேன். கலியாண விசாரணைக்கு எனக்கு டெலிபோன் எடுப்பதை ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் என்னை மன்னித்தீர்கள். மன்னித்ததை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

தூள் வறுக்கிற நாளையும் எனக்குச் சொல்வதை விட்டுவிட்டீர்கள். அதுதான் என்னைச் சுட்டது. கேக் துண்டு, கைபிடி, கட்டிப்பிடி எல்லாம் ஆட்களுக்கு முன்னால். கராஜில் ஆட்கள் இல்லை. அங்கே நான் இல்லாமல் நீங்கள் தனியே நின்று வறுத்தீர்கள். இங்கே ரோவிலில், என் வீட்டுக் கராஜில், நானும் தனியே நின்று வறுத்தேன்.

ஒரு பெரிய வெள்ளிக்கு முந்திய ஞாயிறு, போதகர் வேதாகமத்தில் ஓர் இடத்தைப் பற்றிப் பேசினார். காணிக்கை கொடுக்க வரும்போது, உன்மேல் ஒருவருக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானமாகு என்று இயேசு சொன்னது. நான் அதைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அன்றைக்குத்தான் ஒன்று பிடிபட்டது. நீ குற்றம் செய்திருந்தால் போ என்று அங்கே இல்லை. அவருக்குக் குறை இருந்தால் போ என்றுதான் இருக்கிறது. சரி ஆண்டவரே என்று எழும்பி, அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போசனம் தொடங்குமுன் பாடகர் குழு இருக்கும் இடத்துக்கு வந்தேன்.

"அக்கா, உங்களுக்கு என்னிலை இன்னும் ஒரு மனவருத்தம்..."

நீங்கள் என்னை முடிக்க விடவில்லை. "ஐயோ பிள்ளை, நான்தான் அதை எப்பவோ மன்னிச்சிட்டனே!" என்றீர்கள். மைக் திறந்திருந்தது. தேவாலயம் முழுவதற்கும் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து படுக்கை அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆண்டவரோடு நல்ல சண்டை பிடித்தேன். "நான் செய்யாத குற்றத்தை என்ரை தலையிலை போட்டிருக்கினம். நீர் பார்த்துக்கொண்டு இருக்கிறீர். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் ஏலாமல் நிக்கிறன். உமக்கு இது என்னெண்டு விளங்குமோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிக்குமுன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சிலுவை சுமந்தவரிடம் போய் என்னத்தை முறையிடுகிறேன்! அதுவும் பெரிய வெள்ளி வரும் கிழமையில்! அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அதன் பிறகு பாரம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியே சுமக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

சுகிக்கு விருப்பமான ஒருவன் கிடைத்தான். மலேசியாவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்ட தமிழ்ப் பெடியன், அமைதியானவன். பொய்யை அடியில் வைத்துக் கலியாணம் கட்டாதே என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். அவள் மெல்பேர்னுக்கு வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அடுத்த நாள் காலை நீங்கள் என் வீட்டு வாசலில். உள்ளே வந்தீர்கள், கதிரையைக் காட்டியும் அதில் இருக்கவில்லை.

"சுகி சொல்லிப்போட்டாள்."

"ஓம்."

"உனக்குத் தொடக்கத்திலையே தெரியும்."

"ஓம்."

"இத்தனை வருஷமாய் நீ வாயைத் திறக்கேல்லை."

"ஓம் அக்கா."

"நீ!" என்றீர்கள். "உன்ரை வாய்!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் உடைந்துபோயிற்று. "நான் பெரிய பிழை விட்டிட்டன் ராணி. என்னை மன்னிச்சுக்கொள்" என்றீர்கள். காரணம் சொல்லவில்லை, "ஆனால்" என்று ஒன்றைச் சேர்க்கவில்லை, மற்றவர்களை இழுக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னீர்கள்.

 தேத்தண்ணீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். கேத்திலில் தண்ணீர் கொதித்து நின்ற பிறகும் அங்கேயே நின்றேன். மன்னித்துவிட்டேன் என்ற அந்தச் சொல்லைத் தேடினேன், என்னிடம் இருக்கவில்லை. திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன்.

"அக்கா, இப்ப சொன்னால் அது பொய். கொஞ்சம் பொறுங்கோ."

வேறு ஒருத்தி என்றால் முகம் சுருங்கியிருக்கும். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "பொறுக்கிறன்" என்று சொல்லி, அப்போதுதான் கதிரையில் இருந்தீர்கள். தேத்தண்ணீரை முழுதாய்க் குடித்தீர்கள். போகும்போது, "நாலு பேருக்கு முன்னாலை போட்ட முடிச்சை நாலு பேருக்கு முன்னாலைதான் அவிழ்க்கவேணும்" என்றீர்கள்.

"ஐயோ வேண்டாம். சுகிக்குக் கலியாணம் நெருங்குது. ஆக்கள் கண்டபடி கதைப்பினம்."

"அவளின்ரை பேர் வராது."

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் சாட்சி சொல்ல எழுந்தீர்கள்.

"நான் ராணியை மன்னிச்சன் எண்டு இதே ஆக்களுக்கு முன்னாலை சொன்னனான்" என்று தொடங்கினீர்கள். "அது பிழை. அவ ஒண்டுமே செய்யேல்லை. செய்யாத ஆளை மன்னிக்கிறது மன்னிப்பு இல்லை, அது அநியாயம். அவவிட்டை நான்தான் மன்னிப்புக் கேக்கவேணும். கேட்டிருக்கிறன்."

 பின்னால் ஒரு அன்ரிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப ஆர் அந்தக் கதையைக் காவினது?"

"ஒரு கதையும் இல்லை. நான்தான் கதை கட்டினது" என்றீர்கள்.

மகளுடைய பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். சிட்னிக்காரியின் பெயரைச் சொல்லிப் பாதியாவது குறைத்திருக்கலாம். முழுவதையும் உங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, இருப்பதற்குக் கதிரையைத் தடவினீர்கள். நான் ஓடி வந்து முழங்கையைப் பிடித்தேன். அந்தக் கையைப் பிடித்தபோதுதான் அந்தச் சொல் என்னிடம் வந்தது, அதுவாகவே. குனிந்து உங்கள் காதுக்குள் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. போதகர் அவசரமாய் ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார், நல்ல மனிதன்.

அடுத்த நாள் விடியவே போன். "மிளகாய் வாங்கிப்போட்டன். வாறியோ?"

"இந்தா, வெளிக்கிட்டிட்டன்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த காலம் கொஞ்சம்தான். ஆனால் நல்ல காலம். நீங்கள் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து, கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியே வீடாய்ப் போனபோது, பகலில் நான் வந்து பக்கத்தில் இருப்பேன். நான் கதைப்பேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். ஒரு நாள் மத்தியானம், யன்னலால் வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"ராணி, நீ ஏன் அப்பவே எனக்கு உண்மையைச் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னோடை கோவிச்சால் நான் தாங்குவன். சுகியோடை கோவிச்சிருந்தால் நீங்கள் தாங்கமாட்டியள்."

 பிறகு மெல்லச் சொன்னீர்கள். "முதல்லை கேட்டிருக்கவேணும் பிள்ளை. கேட்டிருந்தால் மன்னிக்கிறதுக்கே ஒண்டும் இருந்திராது. உன்னையும் கேக்கேல்லை. அவளையும் கேக்கேல்லை, உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ எண்டு. மண்டபம் தேடிக்கொண்டு திரிஞ்சன்." மூச்சு வாங்கியது. "அவளுக்கு இதைச் சொல்லவேணும். அவள் வந்தால் அழத்தான் செய்யிறாள். நான் சொல்லாமல் போனால் நீ சொல்லு."

நீங்கள் சொல்லாமல்தான் போனீர்கள்.

எனக்கு அதுதான் ஒரு வருஷமாய்ப் பாரம். போனில் சொல்லும் விஷயம் இல்லை. சுகி சிட்னியில், கைக்குழந்தையோடு. செத்தவீட்டுக்கு வந்தபோதும் என்னைக் கண்டால் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். உங்களிடம் உண்மையைச் சொல்லி முடித்தவள், என் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் பயந்தாள்.

போன சனிக்கிழமை அவளாகவே வந்தாள். குழந்தையை வண்டிலில் நித்திரையாக்கி விட்டு, எனக்கு எதிரே சோபாவின் நுனியில் இருந்தாள். உங்கள் நெற்றி அப்படியே அவளுக்கு. கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

"அன்ரி, அம்மா உங்களிட்டை மன்னிப்புக் கேட்டவ. நான் இன்னும் கேக்கேல்லை. என்னாலைதான் உங்களுக்கு அத்தனை வருஷம்... ஐ ஆம் சோ சொறி, அன்ரி."

"அதை எப்பவோ மன்னிச்சிட்டன் பிள்ளை" என்ற பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு லேசாய் வருகிறது பாருங்கள்! சொல்லியிருந்தால் அவளும் கண்ணைத் துடைத்திருப்பாள், தேத்தண்ணீர் குடித்திருப்பாள், போயிருப்பாள். நான் அதை விழுங்கினேன்.

"பிள்ளை, முதல் எனக்கு ஒண்டு சொல்லு. அந்தப் பெடியன் நல்லவன், நீயே சொன்னனி. அப்ப ஏன் வேண்டாம் எண்டனி? நான் இவ்வளவு காலமும் அதை உன்னட்டைக் கேட்டதே இல்லை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒருத்தரும் கேக்கேல்லை அன்ரி" என்றாள்.

அதற்குமேல் உங்கள் சொல்லை நான் எனக்குள் வைத்திருக்கவில்லை. எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மத்தியானம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாய்க்காரியின் வாயால் ஒரு விஷயம் அப்படியே போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

"அம்மா அப்பிடிச் சொன்னவவோ? அம்மாவோ?"

"ஓம். உனக்குச் சொல்லச் சொன்னவ."

உலுக்கி உலுக்கி அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுது முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் என் மடியில் இருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள்.

"அம்மா கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பன் தெரியுமோ அன்ரி?"

"சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். வெயில் யன்னலைவிட்டு இறங்கும்வரை சொன்னாள். நான் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை, நீங்கள் நம்பமாட்டீர்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன் அக்கா, உங்களுக்கும் சேர்த்து.

உங்கள்
ராணி